சூரியன் சீட்டு: ஒரு கடிதமும் பதிலும்

வணக்கம் அக்கா,

நான் மட்டக்களப்புக் கல்லடிப் பிள்ளை. படிக்கப் போய் பேர்மிங்ஹாமில் இரண்டு வருடம் இருந்தேன். அங்கே சனி, ஞாயிறுகளில் ஹோட்டல் மண்டபங்களில் 'சைக்கிக் ஃபெயார்' நடக்கும். வாசலில் டிக்கெட் எடுத்து உள்ளே போனால் வரிசையாக மேசைகள், டாரட் சீட்டு விரித்துப் பலன் பார்ப்பவர், கைரேகை பார்ப்பவர், ஆவியோடு பேசுபவர் என்று ஒவ்வொரு மேசையிலும் ஒருவர். நான் வாடகைக்கு இருந்த வீட்டு அம்மா அங்கே டாரட் பார்ப்பவர். அவருக்குத் துணையாகப் போய்ப் போய் நானும் கற்றுக்கொண்டேன். இப்போது ஊருக்கு வந்துவிட்டேன். சீசனுக்கு அறுகம்பேயில் வெள்ளைக்காரர் கூடும் இடத்தில் ஒரு மேசை போடலாம் என்று யோசனை. எவ்வளவு காசு வாங்கலாம்? எந்தச் சீட்டுக்கட்டு நல்லது? மரணச் சீட்டு விழுந்தால் வந்தவரிடம் என்ன சொல்வது? இதெல்லாம் பாவம் என்கிறார் அம்மா, அது சரியா?

போன மாதம் இங்கே ஒரு கார்னிவலில் சிநேகிதியின் ஜூஸ் கடைக்குப் பக்கத்தில் ஒத்திகையாக மேசை போட்டேன். நாலைந்து பேர்தான் வந்தார்கள். வயதான ஒரு அம்மா மகனின் பழைய படத்தைக் காட்டி "இருக்கிறானா?" என்று கேட்டார். சூரியன் சீட்டு விழுந்தது. "இருக்கிறார், நல்லாத்தான் இருக்கிறார்" என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார், 500 ரூபாய் தந்தார். எனக்கு இது வரும் என்ற நம்பிக்கை அன்றைக்குத்தான் வந்தது. எப்போது வருவான் என்று பார்க்கச் சொல்லி இப்போது இரண்டு தடவை ஆள் அனுப்பிவிட்டார். நான் கோயில் வீதியில் குறி சொல்கிற ஆட்களைப் போல இல்லை அக்கா, முறையாகக் கற்றிருக்கிறேன். உங்கள் கருத்து வேண்டும். என் பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள தங்கச்சி,

பெயரை எடுத்துவிட்டேன். கடிதம் வந்து பதினைந்து நாள் ஆகிறது. பதில் எழுதவும் மனம் வரவில்லை, எழுதாமல் இருக்கவும் முடியவில்லை. அது வந்த கிழமைதான் நான் என் பெரியம்மாவின் ட்ரங்குப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தேன். மாசியில் காலமானார். அந்தப் பெட்டிக்குப் பிறகு வருகிறேன்.

காசு எவ்வளவு என்று அறுகம்பேயில் ஏற்கெனவே கடை போட்டிருப்பவர்களைக் கேளுங்கள், எனக்குத் தெரியாத விஷயம். எந்தக் கட்டு என்றால் கைக்குப் பழகிய கட்டுத்தான். பாவமா இல்லையா என்பது உங்களுக்கும் அம்மாவுக்கும் உள்ள கதை, சோறு தின்னும்போது பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் கோயில் வீதி ஆட்களைப் போல இல்லை என்று எழுதினீர்களே, அதை வாசித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. மாமாங்கக் கோயிலில் ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு ஒருமுறையாவது போயிருப்பீர்கள்தானே. கச்சான் கடைகளுக்கும் வளையல் கடைகளுக்கும் நடுவில் கை பார்க்கிறேன் என்று கூப்பிடும் குறத்தி யாரிடம் படித்தாள்? தாயிடம் படித்தாள், தாய் தன் தாயிடம் படித்தாள். அக்கரைப்பற்றுப் பக்கம் அளிக்கம்பையில் இருக்கிற வனக்குறவர்கள் வீட்டில் தெலுங்கு பேசிக்கொண்டு, பாம்பாட்டியும் கைரேகை பார்த்தும் ஊர் ஊராகப் போய் வந்த சனம். உங்கள் இரண்டு வருடத்தை அதற்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம். டாரட்டுக்கும் அப்படி ஒன்றும் புனிதமான வரலாறு இல்லை. 15ஆம் நூற்றாண்டில் வடக்கு இத்தாலியில் பணக்காரர் பொழுதுபோக விளையாடிய சீட்டுக்கட்டு அது. 1781இல் கூர் த ஜெபலின் என்ற பிரெஞ்சுக்காரர் இது எகிப்தியரின் இரகசிய நூல் என்று எழுதினார். அப்போது எகிப்திய எழுத்தை வாசிக்கத் தெரிந்த ஒருவரும் உலகத்தில் இல்லை, ஷம்போலியன் அதை அவிழ்த்தது 1822இல். ஜெபலின் எழுதிய அந்தக் காலத்தை ஒட்டித்தான் பிரான்சில் டாரட்டை வைத்துப் பலன் சொல்வதும் தொழிலாகப் பரவியது. நீங்கள் வைத்திருப்பது அநேகமாக 1909இல் வந்த ரைடர்-வெயிட் கட்டின் வழியில் வந்ததாக இருக்கும். அதன் 78 படங்களையும் வரைந்தவர் பமீலா கோல்மன் ஸ்மித் என்ற பெண். சொற்பக் காசுக்கு வரைந்து கொடுத்துவிட்டு, கடைசியில் கடனோடு செத்தார். கட்டின் பெயரில் வெகுகாலம் அவர் பெயரே இல்லை. முறையாகக் கற்றேன் என்பவர் அவருடைய பெயரையாவது மேசையில் இருந்து சொல்ல வேண்டும்.

சரி, மரணச் சீட்டு. அதை நீங்கள் சமாளித்துவிடுவீர்கள். எலும்புக்கூடு கவசம் போட்டு வெள்ளைக் குதிரையில் வருகிறது, பின்னால் தூரத்தில் இரண்டு தூணுக்கு நடுவில் சூரியன் தெரிகிறது. அதைக் காட்டி, இது சாவு இல்லை, ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்று உங்கள் வீட்டுக்கார அம்மா சொல்லித் தந்திருப்பார். அதைச் சொல்லுங்கள், வந்தவர் ஒரு மூச்சு விட்டு எழும்பிப் போவார். இப்போது கட்டை எடுத்துச் சூரியன் சீட்டைப் பாருங்கள். மதிலுக்கு மேலே சூரியகாந்திப் பூக்கள், உடுப்பில்லாத ஒரு குழந்தை சிரித்துக்கொண்டு வருகிறது. அதுவும் வெள்ளைக் குதிரையில்தான். உங்களுக்குப் பயம் வந்திருக்க வேண்டியது அந்தச் சீட்டைப் பார்த்துத்தான், தங்கச்சி. ஒரு தாயிடம் நீங்கள் அதைக் காட்டிவிட்டீர்கள்.

பெரியம்மாவின் மகனுக்கு அப்போது 19 வயது. 1990இல் ஒருநாள் காலை சைக்கிளில் டவுனுக்குப் போனான், அண்ணன் திரும்பவில்லை. யுத்தம் நடந்த அந்த வருடத்தைப் பற்றி உங்கள் வீட்டில் சொல்லியிருப்பார்கள். செப்டம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் அடைக்கலம் புகுந்திருந்தவர்களில் 158 பேர் கொண்டுபோகப்பட்டார்கள், அது ஒரே நாளில், ஒரே இடத்தில். மட்டக்களப்பில் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அலைந்த தாய்மாரை எண்ணி முடியாது. பெரியம்மா போகாத இடம் இல்லை. அலுவலகங்களுக்குப் போனார், முகாம்களுக்குப் போனார், பிறகு சாத்திரக்காரரிடம் போனார். வெற்றிலையில் மை தடவிப் பார்க்கிற ஒருவர், பெயர் வேண்டாம், சொன்னார்: "தெற்கே இருக்கிறான். தண்ணீருக்குப் பக்கத்தில். உயிரோடதான். மூன்று ஆடி கழிய வருவான்."

மட்டக்களப்பில் தெற்கே போனாலும் வடக்கே போனாலும் தண்ணீருக்குப் பக்கம்தானே, ஒரு பக்கம் வாவி, ஒரு பக்கம் கடல். அது யாருக்கும் தோன்றவில்லை. எனக்கே பெரியவளான பிறகுதான் தோன்றியது.

மூன்று ஆடி போனது. நாலாவது ஆடியும் போனது. சின்னக்காவுக்கு வந்த சம்பந்தங்களை, அண்ணன் வந்து நிற்கட்டும் என்று பெரியம்மா திருப்பி அனுப்பினார், அக்காவுக்கு முப்பத்திரண்டு வயதில்தான் கல்யாணம் நடந்தது. 2004 சுனாமி கடலோரத்து வீட்டில் பாதியைக் கொண்டுபோனது, அன்று காலை கோயிலுக்குப் போயிருந்ததால் பெரியம்மா மிஞ்சினார். திராய்மடுவில் வீடு தருகிறோம் என்றார்கள். "வந்தா எந்த வீட்டுப் படலையத் தட்டுவான்?" என்று கேட்டுவிட்டு அதே வளவில் தகரக் கொட்டிலில் இருந்தார். பழைய படலை பச்சை நிறம், அதனால் புதுப் படலைக்கும் பச்சை. ஒரு தைப்பொங்கலுக்குப் பேரன் ஆசையாக நீல மை பூசிவிட்டான். பெரியம்மா அவனை அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. மத்தியானச் சாப்பாட்டைத் தொடாமல் படலையையே பார்த்துக்கொண்டு இருந்தார். அவன் அழுதுகொண்டு பின்னேரமே போய்ப் பச்சை மை வாங்கி வந்தான். எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்குத்தான், அண்ணன் இருந்திருந்தால் எப்போதோ கல்யாணம் முடித்துப் பெண்வீட்டோடு போயிருப்பான், அந்தப் படலைக்குள் விருந்தாளியாகத்தான் வந்து போயிருப்பான். அதைப் பெரியம்மாவிடம் யார் சொல்வது?

பெட்டிக்குள் இருந்தது ஒரு வெள்ளை சேர்ட். காணாமல் போன வருடத்தின் சேர்ட் இல்லை. கடைத் துண்டு இன்னும் கழுத்தில் இருக்கிறது, புதிது. அளவு பெரிது. பிள்ளை ஐம்பது வயதில் வந்தால் உடம்பு வைத்திருக்கும் என்று பார்த்து வாங்கியிருக்கிறார்.

அந்த மைக்காரர் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். உங்களைப் போலத்தான் அவரும், எதிரே இருந்த தாயின் முகத்தைத் தாங்க முடியாமல் சொல்லியிருப்பார். அவர் அதைச் சொல்ல இரண்டு நிமிடம் போயிருக்கும். பெரியம்மா அதை முப்பது வருடத்துக்கு மேல் சுமந்தார். சுனாமியில் உடல் கிடைக்காத பிள்ளைகளின் தாய்மாருக்கும் இதே கதைதான், அதை இங்கே விரிக்க எனக்குத் தெம்பில்லை.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். எனக்குப் பன்னிரண்டு வயது, வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு நடந்துகொண்டிருந்தது. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் ஒரு கோயிலில் ஒரு ஆச்சி தெய்வம் ஆடி வாக்குச் சொல்வார் என்று கேள்விப்பட்டு, வெற்றிலை பாக்குப் பையோடு பெரியம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். ஆடி முடிந்து கலை இறங்கிய பிறகு ஆச்சி வேர்த்து விறுவிறுத்து மரத்தடியில் இருந்தார். பெரியம்மா படத்தை நீட்டினார். ஆச்சி படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்துவிட்டு, "வடிவான பிள்ளை. என்ன கறி விருப்பம் இவனுக்கு?" என்று கேட்டார். இறால் போட்ட முருங்கைக்காய்க் கறி என்று தொடங்கிய பெரியம்மா, அவன் பிறந்தது, அம்மாள் வந்து கிடந்தது, கணக்குப் பாடத்தில் கோட்டை விட்டது, எல்லாம் சொன்னார். அத்தனை வருடத்தில் ஒருவரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை, எல்லோரும் கேட்டது அடையாள அட்டை நம்பரும் கடைசியாகக் கண்ட இடமும்தான். கடைசியில் பெரியம்மா, "மறுகா, இருக்கிறானா ஆச்சி?" என்றார்.

"எனக்குத் தெரியா மகள். தெரியாததை அம்மாள்ட பேரால சொல்ல மாட்டன்."

காசு நீட்டியதற்கு வெற்றிலையை மட்டும் எடுத்துக்கொண்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் பெரியம்மா என் தோளில் சாய்ந்து நித்திரையாகிவிட்டார். அவர் பகலில் நித்திரை கொண்டதை நான் அதற்கு முன் கண்டதில்லை.

அந்த ஆச்சியும் கோயில் வீதி ஆள்தான், தங்கச்சி. அவர் செய்தது எந்தக் கட்டோடும் வருவதில்லை. உங்கள் பேர்மிங்ஹாம் மேசைகளிலும் ஒழுங்காகத் தொழில் செய்கிற பலர் சாவு, வருத்தம், வழக்கு மூன்றுக்கும் சீட்டு விரிக்க மாட்டார்கள், அதைப் பார்த்திருப்பீர்கள். 'பொழுதுபோக்குக்கு மட்டும்' என்ற பலகையையும் பார்த்திருப்பீர்கள். இங்கிலாந்தில் 1951இல் போலி ஆவியூடகருக்கு எதிராக ஒரு சட்டம் வந்தது, 2008இல் அதை எடுத்துவிட்டு நுகர்வோர் பாதுகாப்பு விதிகளைக் கொண்டுவந்தார்கள், அந்தப் பயத்தில் பலர் வைக்கிற பலகை அது. அறுகம்பேயில் அலைச்சறுக்க வந்த பையன் காதலியைப் பற்றிக் கேட்டால் அந்தப் பலகை பொருந்தும், தாராளமாக வையுங்கள், சீட்டை விரியுங்கள், காசு வாங்குங்கள், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மட்டக்களப்பில் படத்தோடு வருகிற தாய்க்கு முன்னால் எந்தப் பலகையை வைப்பீர்கள்? அந்தக் கேள்வி வந்தால் கட்டைக் கவிழ்த்து வைத்துவிடுங்கள். எந்தச் சீட்டும் இழுக்க வேண்டாம். சூரியனும் வேண்டாம், சந்திரனும் வேண்டாம்.

இரண்டு தடவை ஆள் அனுப்பியிருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்றாவது தடவை அனுப்ப விடாதீர்கள், நீங்களே போங்கள். கட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். அந்த 500 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தால் அவர் பயந்துவிடுவார், அதனால் அந்தக் காசுக்கு ஏதாவது பழம் வாங்கிக்கொண்டு போங்கள். "அண்டைக்கு நான் தெரியாமல் சொல்லிட்டன் அம்மா, எனக்குத் தெரியாது" என்று சொல்லுங்கள். ஏசுவார், ஏசட்டும். பிறகு அவனுக்கு என்ன கறி விருப்பம் என்று கேளுங்கள். பொழுதுபட்டாலும் எழும்ப வேண்டாம்.

தனியாகப் போகப் பயமாக இருந்தால் எழுதுங்கள், நானும் வருகிறேன். ஆரையம்பதியிலிருந்து கல்லடிக்கு பஸ்ஸில் கால் மணித்தியாலம்தான்.

அன்புடன்,
அக்கா