காப்பீட்டு அட்டை தொலைந்தால் காப்பீடும் போய்விடுமா?

கேள்வி: அப்பாவுக்கு ஸ்டென்ட் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். வீடு மாறியதில் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எங்கே போனதென்றே தெரியவில்லை. "புது அட்டை எடுத்துத் தருகிறேன், 800 ரூபாய் ஆகும்" என்கிறார் ஒரு புரோக்கர். கொடுத்துவிடலாமா?

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். இந்த அட்டைக்குக் கட்டணமே கிடையாது. அவர் செய்யப்போவது, நீங்களே செய்யக்கூடிய வேலைதான்.

தொலைந்தது அட்டை மட்டும்தான். உங்கள் குடும்பத்தின் பதிவு திட்டத்தின் கணினியில் பத்திரமாக இருக்கிறது. மருத்துவமனைக்கும் முக்கியமாக வேண்டியது அட்டையில் அச்சிட்டிருந்த எண்தான். அதை முதலில் வீட்டிலேயே தேடுங்கள். முன்பு யாருக்காவது இந்தத் திட்டத்தில் சிகிச்சை நடந்திருந்தால் அந்த ஃபைலில் ஜெராக்ஸ் இருக்கலாம். செல்போனில் யாராவது படம் எடுத்தும் வைத்திருப்பார்கள்.

கிடைக்கவில்லையா? திட்டத்தின் இணையதளத்தில் ரேஷன் அட்டை எண்ணைக் கொடுத்துத் தேடி, மின் அட்டையைப் பிரிண்ட் எடுத்துக்கொள்ளலாம். இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். 2017-க்கு முன் பதிவு செய்தவர்கள் என்றால், அப்போது கொடுத்தது பழைய ரேஷன் புத்தகத்தின் எண். நடுவில் ஆங்கில எழுத்தோடு சாய்கோடு போட்டிருக்குமே, அது. இப்போதைய ஸ்மார்ட் கார்டின் 12 இலக்க எண்ணைப் போட்டுப் பார்த்துவிட்டு, 'விவரம் இல்லை' என்று வந்ததும் பதிவே ரத்தாகிவிட்டது என்று பயந்துவிடாதீர்கள். பழைய எண்ணையும் போட்டுப் பாருங்கள்.

அதிலும் வரவில்லை என்றால் கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்கு ரேஷன் அட்டை, ஆதார் இரண்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். உண்மையிலேயே பதிவு இல்லையென்றால் புதிதாகப் பதிய வேண்டியிருக்கும். அதற்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்று வி.ஏ.ஓ. தரும் சான்றும் தேவை.

இன்னொன்று. "இப்போதைக்குப் பணத்தைக் கட்டிவிடுங்கள், பிறகு காப்பீட்டில் வாங்கிக்கொள்ளலாம்" என்று யார் சொன்னாலும் தலையாட்டாதீர்கள். கட்டிவிட்டுப் பில்லைக் காட்டித் திரும்ப வாங்கும் திட்டமல்ல இது. சிகிச்சைக்கு முன்பே மருத்துவமனை அனுமதி கேட்டுப் பெற வேண்டும். அதனால் அட்மிஷனுக்கு முன்பே அங்குள்ள காப்பீட்டுத் திட்டப் பிரிவில் எண்ணைக் கொடுத்துப் பேசிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் அட்டை கிழியவில்லை, ஆனால் படம் முழுக்க அழிந்துவிட்டது. அதில் என் கணவர் பெயர் 'செல்வராஜ்', ஆதாரில் 'செல்வராசு'. மருமகள் பெயரும் இல்லை. மாற்ற வேண்டுமா?

பதில்: படம் அழிந்தது பெரிய விஷயமில்லை. எண் தெரிந்தால் போதும், மின் அட்டையே கைகொடுக்கும். பெயர்தான் வம்பு. ஆஸ்பத்திரியில் ஆதாரோடு ஒப்பிட்டுப் பார்க்கும்போது, உடம்பு முடியாத நேரத்தில் இந்த 'ஜ்'-ஜும் 'சு'-வும் உங்களை அலைக்கழிக்கும். எல்லோரும் நன்றாக இருக்கும்போதே திருத்திவிடுங்கள்.

மருமகளுக்கு முதல் வேலை ரேஷன் அட்டையில்தான். பிறந்த வீட்டு அட்டையிலிருந்து பெயரை நீக்கி, உங்கள் அட்டையில் சேர்த்த பிறகு காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். ரேஷன் அட்டையில் இல்லாதவரைக் காப்பீட்டில் மட்டும் சேர்க்கச் சொல்லிக் கவுன்ட்டரில் சண்டை போடுவதில் பயனில்லை.

கேள்வி: ஆயுஷ்மான் பாரத் 5 லட்சம், முதலமைச்சர் திட்டம் 5 லட்சம், ஆக 10 லட்சம் கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. தமிழ்நாட்டில் இரண்டும் 2018-லேயே இணைக்கப்பட்டுவிட்டன. குடும்பம் முழுவதற்கும் சேர்த்து ஆண்டுக்கு 5 லட்சம்தான். சந்தேகம் இருந்தால் திட்டத்தின் இலவச எண் 1800 425 3993-ஐ அழையுங்கள். கையில் ரேஷன் அட்டையை வைத்துக்கொண்டு பேசுங்கள்.