'நிட்' பரவாயில்லை, 'கன்சர்ன்ஸ்' தான் கவனிக்க வேண்டியது

உங்கள் கோட் ரிவ்யூவில், அதாவது நீங்கள் எழுதிய நிரலைச் சக ஊழியர் படித்துக் கருத்துச் சொல்வதில், ஐந்து இடத்தில் 'நிட்', கடைசியில் 'ஐ ஹேவ் எ ஃப்யூ கன்சர்ன்ஸ்' என்று ஒரே வரி. எதை முதலில் எடுப்பது, எப்படிப் பதில் எழுதுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடைசி வரியைத்தான் முதலில் எடுங்கள். 'நிட்' என்றால் ஈர். 'நிட்பிக்கிங்' என்பது ஈர் பொறுக்குவது, அதாவது பொடிக்குற்றம் பார்ப்பது. ரிவ்யூவில் அந்தக் குறிப்பு வந்தால், 'திருத்தினால் நல்லது, இதற்காக நிறுத்தி வைக்க மாட்டேன்' என்று பொருள். 'கன்சர்ன்ஸ்' கேட்க மென்மையாக இருக்கும். ஆனால் பெரும்பாலும் 'இப்படியே ஏற்க முடியாது' என்பதன் நாசூக்கான வடிவம் அது. எந்தப் பகுதி என்று ரிவ்யூவர் சொல்லாததால் நீங்களே கேளுங்கள்: 'விச் பார்ட் வொரீஸ் யூ மோஸ்ட்?'

பதிலில் 'நோட்டட்' என்று மட்டும் எழுதினால் முகத்தில் அடித்த மாதிரி இருக்கும். 'பாயிண்ட் டேக்கன்' கொஞ்சம் விறைப்பு. 'ஃபேர் இனஃப்' அரைமனதாகத் தொனிக்கலாம். 'குட் பாயிண்ட், ஐ வில் ஃபிக்ஸ் இட்' போதும்.

மறுக்க வேண்டுமானால் 'வித் ஆல் டியூ ரெஸ்பெக்ட்' வேண்டவே வேண்டாம். பேரில்தான் மரியாதை, படிப்பவருக்கு அது சண்டைக்கான முன்னுரை. 'ஐ சீ இட் எ பிட் டிஃபரெண்ட்லி, பிகாஸ்...' என்று தொடங்கிக் காரணத்தை உடனே சொல்லிவிடுங்கள்.

உங்கள் கேள்வியில் 'ஃபீட்பேக்ஸ்' என்று எழுதியிருந்தீர்கள். அதற்குப் பன்மை கிடையாது, 'ஃபீட்பேக்' தான்.

ரிவ்யூவர் பிரிட்டிஷ்காரர் என்றால் இன்னொன்று: அவர் 'குவைட் குட்' என்றால் பல சமயம் 'சுமார்' என்றுதான் அர்த்தம். அமெரிக்கர் சொன்னால் நிஜமான பாராட்டு.