பட்டறைப் பதில்கள்: ஐஸையும் எடை போடுங்கள்

கேள்வி: மண்டபத்தில் நாட்டுப்படகுக்காரர்களிடம் மீனும் கணவாயும் வாங்கி மதுரைக்கு அனுப்புகிறேன். தினம் 600 கிலோ வரை போகும். வாடகை வண்டி கட்டுப்படியாகவில்லை, சொந்தமாக ஒரு டீசல் லோடு வண்டி எடுக்கலாம் என்றிருக்கிறேன். ஷோரூமில் குட்டி யானையே (டாடா ஏஸ்) போதும் என்கிறார்கள். அண்ணன் பெரிய பிக்கப்பாக எடு என்கிறார். தெரிந்தவர் ஒருவர் தன்னுடைய ஆறு வருட வண்டியைச் சல்லிசாகத் தருவதாகச் சொல்கிறார். ஓட்டப்போவது என் தம்பி. அவனிடம் கார் லைசென்ஸ்தான் இருக்கிறது. எதை எடுப்பது?
– வாசகி, மண்டபம்

பதில்: தங்கச்சி, 600 கிலோ என்று எழுதியிருக்கிறீர்கள். அது மீன். ஐஸ் எங்கே? உச்சிப்புளியில் முப்பது வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். லோடு எவ்வளவு என்று கேட்டால் மீன் வியாபாரிகள் எல்லோரும் மீன் எடையைத்தான் சொல்வார்கள். ஐஸ் கரைந்துபோகிற பொருள்தானே என்று ஒரு நினைப்பு. ஸ்பிரிங் பட்டைக்கு அது தெரியாது.

கணக்கைப் போடுவோம். மண்டபத்திலிருந்து மதுரை 150 கிலோமீட்டர் சொச்சம். சித்திரை, வைகாசி வெயிலில் மீனுக்குச் சரிக்குச் சரி ஐஸ் போட்டால்தான் சரக்கு நிற்கும். 600 மீன், 600 ஐஸ். பெட்டிகள் ஒரு 70, 80 கிலோ. தம்பியும் கூட ஒரு ஆளும் 130, 140. ஆக 1400 கிலோவைத் தாண்டிவிட்டது. குட்டி யானை முக்கால் டன் வண்டி. 2005-ல் வந்த நாளிலிருந்து இந்தக் கரையில் எத்தனையோ குடும்பத்துக்குச் சோறு போட்ட வண்டி அது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த டீசல் குட்டி யானைக்கு ரெண்டு சிலிண்டர், 702 சிசி, ஆரம்பத்தில் வெறும் 16 குதிரைத்திறன். கரையிலிருந்து மீன் கம்பெனிக்குப் பெட்டி அடிக்க அருமையான வண்டி. ரெண்டு மடங்கு லோடு ஏற்றி தினம் ராத்திரி மதுரைக்கு விரட்டினால் ஒரு வருடத்தில் என் மாதிரி ஆளுக்குத்தான் வருமானம்.

உங்களுக்கு ஒன்றரை டன் வகைதான் சரி. தோஸ்த் பிளஸ், இன்ட்ரா வி50, பொலிரோ பிக்கப்பில் பெரிய அளவு, இந்த மூன்றையும் பாருங்கள். பொலிரோவில் இரண்டரை லிட்டர், நாலு சிலிண்டர் இன்ஜின். பரமக்குடி, மானாமதுரை என்று வழியில் எங்கே நின்றாலும் அதைப் பிரித்துப் பார்த்த கை ஒன்று இருக்கும். தோஸ்தில் ஒன்றரை லிட்டர், மூணு சிலிண்டர். டீசல் கொஞ்சம் குறைவாகக் குடிக்கும். ஷோரூமுக்குப் போகும்போது ஒரு டேப் எடுத்துப் போங்கள். தரையிலிருந்து சரக்கு ஏற்றுகிற தொட்டியின் தரை எத்தனை அங்குல உயரம் என்று ஒவ்வொன்றிலும் அளந்து பாருங்கள். பெட்டி ஏற்றுகிறவர்கள் பெண்களா? அப்படியானால் ஒரு சாண் உயரம் குறைந்தாலே முப்பது பெட்டியில் இடுப்பு தப்பிக்கும். விளம்பரத்தில் இதை எழுத மாட்டார்கள். குளிர் வெளியேறாதபடி பஃப் பாடி கட்டுகிற யோசனை இருந்தால் அதன் எடையும் லோடில் கழியும், மறக்க வேண்டாம். ஆர்.சி.யில் மொத்த எடையும் காலி எடையும் இருக்கும். கழித்தால் வருவதுதான் உங்களுக்குச் சொந்தம்.

அண்ணன் சொல்கிற பெரிய பிக்கப் நாலு கதவு வண்டியாக இருந்தால் வேண்டாம். ஆள் உட்காருகிற இடத்துக்காகத் தொட்டியைக் குறைத்திருப்பார்கள்.

இப்போது வருவதெல்லாம் பி.எஸ்.6, அதாவது புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி செய்த வண்டி. 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வேறு கிடையாது. சைலன்சர் பக்கம் கரியைப் பிடிக்கிற ஃபில்டர் ஒன்று இருக்கும், டி.பி.எஃப். என்பார்கள். நன்றாகச் சூடேறினால்தான் பிடித்த கரி எரியும். மதுரை ஓட்டத்தில் அது தானாக நடந்துவிடும். மதுரைக்குப் போகாமல் வண்டியை ஐஸ் எடுக்க, தீவனம் எடுக்க என்று ரெண்டு ரெண்டு கிலோமீட்டர் மட்டும் ஓட்டினால்தான் அடைத்துக்கொள்ளும். அதற்கான லைட் எரிந்தால் உடனே இன்ஜினை அணைத்துவிடாமல், புத்தகத்தில் சொன்னபடி நேர் ரோட்டில் ஒரே வேகத்தில் கொஞ்ச நேரம் ஓட்டச் சொல்லுங்கள்.

சரி, அந்த ஆறு வருட வண்டி. நம் கரையில் இன்ஜின் செத்து வண்டி போவதைவிட உப்பு தின்று போவதுதான் அதிகம். 2011-ல் நானே ஏமாந்தேன். பட்டறைக்காரன், கீழே படுத்துப் பார்க்காமலா வாங்குவேன்? பார்த்தேன். சேசிஸ், அதாவது அடிச்சட்டம், முழுக்கப் புதுக் கறுப்பு பெயிண்ட், பளபளவென்று. சந்தேகம் வந்திருக்க வேண்டிய இடமே அதுதான். நாலாம் மாதம் தேவிபட்டினம் ரோட்டில் எதிரே ஒரு ஆட்டு மந்தை. பிரேக்கை மிதித்தால் பெடல் பாதிக்கு மேல் பொத்தென்று உள்ளே போகிறது, வண்டி நிற்க மனசில்லாமல் போய்க்கொண்டே இருக்கிறது. கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கருவேலங்காட்டுக்குள் இறக்கி நிறுத்தினேன். ஆடெல்லாம் தப்பியது, ஒரு பக்கக் கண்ணாடி போயிற்று.

இறங்கிப் பார்த்தால் பின் சக்கரத்துக்குப் போகிற பிரேக் பைப். அதைச் சேசிஸோடு ஒரு சின்னக் கிளிப் பிடித்திருக்கும். அந்தக் கிளிப்புக்கு அடியில் மண்ணும் மீன் தண்ணியும் தேங்கித் தேங்கி, விரல் நகம் அளவுக்குப் பைப்பைத் தின்றிருந்தது. வெளியே தெரிகிற இடத்துக்கெல்லாம் பெயிண்ட் போயிருக்கிறது, கிளிப்புக்கு அடியில் மட்டும் போகவில்லை. ஸ்குரூ டிரைவரை எடுத்துச் சேசிஸில், ஸ்பிரிங் மாட்டுகிற கொக்கி ஓரம் குத்தினேன். நனைந்த பிஸ்கட் மாதிரி உள்ளே போனது.

அதனால் அந்த வண்டியைப் பார்க்கப் போகும்போது தம்பியை ஒரு ஸ்குரூ டிரைவரோடு அனுப்புங்கள். கொக்கி ஓரம், கேபின் மாட்டுகிற இடம், தொட்டிக்கு அடியில் உள்ள குறுக்குச் சட்டம், பிரேக் பைப் கிளிப் எல்லாவற்றையும் அழுத்திப் பார்க்கட்டும். குத்தக் கூடாது என்று வண்டிக்காரர் தடுத்தால் டீ மட்டும் குடித்துவிட்டு வந்துவிடட்டும். இதுவரை அந்த வண்டி என்ன ஏற்றியது என்றும் விசாரியுங்கள். கரிமூட்டத்திலிருந்து கரி அடித்த வண்டி என்றால் தைரியமாகப் பார்க்கலாம். மீனோ உப்போ அடித்தது என்றால், பாதி விலைக்குக் கொடுத்தாலும் நான் யோசிப்பேன்.

புது வண்டி எடுத்தாலும் முதல் லோடுக்கு முன்னால் அடியில் கோட்டிங் அடித்துவிடுங்கள். தொட்டியின் தண்ணி சேசிஸ் மேல் சொட்டாதபடி மூலையில் ஒரு குழாய் வைத்து, பின்னால் ஒரு கேனில் பிடியுங்கள். ரோட்டில் விட்டால் பின்னால் பைக்கில் வருகிறவன் வழுக்கி விழுவான். கழிவு ஆயிலை அடியில் பீய்ச்சுகிற வழக்கம் நம் ஊரில் உண்டு. புஷ் ரப்பர் எல்லாம் ஊதிப்போகும், வேண்டாம். வாரம் ரெண்டு தடவை நல்ல தண்ணியில் அடியைக் கழுவுங்கள். வீட்டு போர் தண்ணி உப்புக் கரித்தால் அதில் கழுவுவதும் கழுவாததும் ஒன்றுதான்.

தம்பியின் லைசென்ஸ் போதும். மொத்த எடை 7500 கிலோவுக்குள் இருக்கிற சரக்கு வண்டியை இலகுரக லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மொத்த எடை 3000 கிலோவைத் தாண்டாத வண்டி என்றால் பர்மிட்டும் தேவையில்லை. எஃப்.சி., அதாவது தகுதிச் சான்று, எட்டு வருடம் வரை ரெண்டு வருடத்துக்கு ஒரு தடவை, அப்புறம் வருடா வருடம். லோடு இறக்கிவிட்டுத் திரும்பும்போது பின்னால் ஆள் ஏற்ற வேண்டாம்; ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ் கைகொடுக்காது.

டியூ, அதாவது வண்டிக் கடன் தவணை விஷயம் ஒன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்று விசைப்படகுகள் நிற்கிற 61 நாளில் மற்ற வியாபாரிகள் திண்டாடுவார்கள். உங்களுக்கு வருவது நாட்டுப்படகுச் சரக்கு, அப்போதுதான் விலை நிற்கும். உங்களுக்குக் கஷ்டம் வாடைக் காலம். புயல் எச்சரிக்கை என்று வாரக் கணக்கில் படகு இறங்காது. தடைக்கால வருமானத்திலேயே மூணு டியூவை எடுத்துத் தனியாக வைத்துவிடுங்கள்.

கேள்வி: படகுக்கு வாங்கிய மண்ணெண்ணெய் மிச்சம் இருக்கிறது. லோடு வண்டி டீசலில் கொஞ்சம் கலக்கலாமா?
– வாசகர், தங்கச்சிமடம்

பதில்: கூடாது தம்பி. மண்ணெண்ணெயில் வழவழப்புக் குறைவு, பம்ப்பும் இன்ஜெக்டரும் டீசலின் வழவழப்பில்தான் ஓடுகின்றன. போன மாதம் ஒருவர் இதே மாதிரி கலந்து ஓட்டிவிட்டு வந்தார். டேங்க் மூடியைத் திறந்ததும் வாசனையே சொல்லிவிட்டது. நாலு இன்ஜெக்டரையும் கழற்றி ராமநாதபுரத்துக்கு டெஸ்ட்டுக்கு அனுப்பியிருக்கிறேன், அவர் தினம் பஸ்ஸில் வந்து பட்டறை வாசலில் உட்கார்ந்திருக்கிறார்.