இல்லீகல் என்று திரையில் வந்ததற்குப் பயப்பட வேண்டாம், அண்ணாச்சி

போன வாரம் செங்கோட்டை பாசஞ்சரில் வந்து இறங்கி, நேரே என் அறைக்கு வந்து நீங்கள் கேட்ட முதல் கேள்வி இது: "பய கம்ப்யூட்டர்ல இல்லீகல்னு வந்துருக்கு. போலீஸ் கேஸ் எதுவும் ஆயிருமா?" இதே பயம் வேறு வீடுகளிலும் இருக்கும் என்பதால் பதிலை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

கேஸ் எதுவும் ஆகாது. அந்த வார்த்தைக்கும் சட்டத்துக்கும் சம்பந்தமே கிடையாது. அன்றைக்கு நீங்கள் வெளியே டீ குடிக்கப் போன நேரத்தில் உங்கள் மகனை, நம்ம தம்பியை, லேப்டாப்போடு உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேசினேன். ராத்திரி ரெண்டு மணி வரை கறுப்புத் திரையில் எழுத்து ஓடுவதைப் பார்த்துக்கொண்டு இருக்கிறான் என்றீர்களே, அது என்ன வேலை என்று முதலில் சொல்கிறேன்.

உங்கள் தங்கை மகள் ஆராய்ச்சி செய்யும் வேதியியல் ஆய்வகத்தில் குரோமாக்ஸ் என்ற மென்பொருளை வைத்திருக்கிறார்கள். நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் 1990களின் தொடக்கத்தில் உருவானது, இலவசமாகக் கிடைப்பது. ஒரு புரதமும் அதைச் சுற்றியுள்ள தண்ணீரும் எப்படி அசையும் என்று அணு அணுவாகக் கணக்குப் போடும். ஒரு மைக்ரோ விநாடி, அதாவது விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, அசைவைப் பார்க்க, வழக்கமான அளவில் ஏறத்தாழ 50 கோடி அடி வைத்தாக வேண்டும். ஒவ்வொரு அடியிலும் எல்லா அணுவுக்கும் கணக்கு உண்டு. இதை வேகமாக ஓட வைப்பதுதான் தம்பி செய்கிற வேலை. வேகமாக ஓடினால் அந்தப் பிள்ளையின் ஆராய்ச்சியில் வாரக்கணக்கில் மிச்சமாகும்.

ஜூன் மாதம் பள்ளிச் சீருடை ஆர்டர் வந்தால் நீங்கள் ஒவ்வொரு சட்டையாகவா வெட்டுகிறீர்கள்? துணியை எட்டாக அடுக்கி, மேல் மடிப்பில் சாக்கால் கோடு போட்டு, ஒரே வெட்டில் எடுத்துவிடுவீர்கள். கணினிக்குள் கணக்குப் போடும் ப்ராசசரும் அப்படித்தான். 2003ல் வந்த முதல் 64 பிட் ஏ.எம்.டி. ப்ராசசர் ஒரு கட்டளையில் இரண்டு பெரிய தசம எண்களை எடுத்தது. 2013ல் வந்த இன்டெல் ஹாஸ்வெல் நான்கை எடுக்கும். ஏ.வி.எக்ஸ்-512 என்ற கட்டளைத் தொகுதி உள்ளவை எட்டை எடுக்கும். ஆனால் அடுக்கி வெட்டச் சொல்லும் கட்டளை மென்பொருளுக்குள் எழுதப்பட்டிருக்க வேண்டும். அந்தக் கணினிகளை இயக்கும் உபுண்டு என்ற இலவச இயங்குதளத்தில் ரெடிமேடாகக் கிடைக்கும் தொகுப்புகளில் பல, அந்த 2003 காலத்து ப்ராசசரிலும் ஓட வேண்டும் என்று தைத்தவை. புது மெஷினில் போட்டாலும் இரண்டிரண்டாகத்தான் வெட்டிக்கொண்டிருக்கும். குரோமாக்ஸே இதைத் தன் பதிவுக் கோப்பில் எழுதிவைக்கும்: இந்தக் கணினிக்கு இதைவிடப் பொருத்தமான கட்டளைத் தொகுதி இருக்கிறது என்று. தம்பி அந்த வரியைத்தான் எனக்கு முதலில் காட்டினான். ஆய்வகத்தில் எல்லோரும் தினமும் பார்த்த கோப்பு அது. இவன் அதை வாசித்திருக்கிறான், அண்ணாச்சி.

பிறகு மூலநிரலை இறக்கி, அந்த மெஷினுக்கே அளவெடுத்துக் கம்பைல் செய்தான், அதாவது மனிதர் எழுதிய நிரலை ப்ராசசருக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றினான். ராத்திரி ஓடியது அதுதான். அந்தக் கோப்பை அப்படியே பக்கத்திலிருந்த பழைய கணினிக்கும் கொண்டுபோனான். பழைய ப்ராசசருக்கு அந்தப் புதுக் கட்டளை தெரியாது. 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்' என்று சொல்லி நின்றுவிட்டது. எனக்குத் தெரியாத கட்டளை என்பதுதான் அர்த்தம். இந்த வேலை கற்கிற எல்லோரும் ஒருமுறை இதில் விழுவார்கள். புதியது என்றால் எல்லாம் இருக்கும் என்றும் நம்ப முடியாது. 12ஆம் தலைமுறையிலிருந்து இன்டெல் வீட்டு லேப்டாப்களில் ஏ.வி.எக்ஸ்-512 கிடையாது. 2022ல் வந்த ஏ.எம்.டி. ஜென் 4ல் இருக்கிறது. எதைக் கம்பைல் செய்ய வேண்டாம் என்றும் தெரிய வேண்டும். ஓப்பன்பிளாஸ் மாதிரி சில கணித நூலகங்களை, அதாவது மற்ற மென்பொருள்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல் தொகுப்புகளை, ஓடும்போதே ப்ராசசரைப் பார்த்துத் தகுந்த வழியை எடுத்துக்கொள்ளும்படி கட்டி வைத்திருப்பார்கள். அதற்குப்போய் ராத்தூக்கத்தைக் கெடுக்க வேண்டாம்.

எனக்குக் கவலை வந்தது வேறு இடத்தில். "எவ்வளவு வேகம் கூடிச்சு?" என்று கேட்டேன். "நல்லா வேகமா ஓடுது சார்" என்றான். எவ்வளவு என்று மறுபடி கேட்டேன். எழுதி வைக்கவில்லை. விடை சரியாக வருகிறதா என்று பார்க்கும் சோதனைகள் அந்த மென்பொருளோடேயே வருகின்றன; அதையும் ஓட்டவில்லை. பெருக்குவதையும் கூட்டுவதையும் ஒரே கட்டளையில் செய்யும்போது ஒருமுறைதான் முழுமையாக்கும், அதனால் கடைசி இலக்கம் மாறலாம். அது இயல்பான மாற்றமா, நிஜப் பிழையா என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தவனுக்குத்தான் இந்தத் தொழிலில் மதிப்பு. டேப் இல்லாமல் நீங்கள் துணியில் கத்திரி வைப்பீர்களா?

இனி வேலைக்கு வருவோம். மெஷினுக்கு ஏற்ப மென்பொருளை வேகப்படுத்துவது என்ற பெயரில் கல்லூரிக்கு வரும் கம்பெனிகளில் வேலை இருக்காது. இடங்கள் குறைவு, பலவற்றுக்கு எம்.டெக். கேட்பார்கள். இதை உங்களிடம் மறைக்க மாட்டேன். ஆனால் வேலை இருக்கிறது. 2015ல் தொடங்கிய தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் திட்டத்தில் நம் திருச்சி என்.ஐ.டி.யிலேயே 2022ல் பரம் பொருள் என்ற சூப்பர் கம்ப்யூட்டர் வந்தது, 838 டெராஃப்ளாப்ஸ், அதாவது விநாடிக்கு 838 லட்சம் கோடி கணக்கு. பெங்களூரு ஐ.ஐ.எஸ்.சி.யில் பரம் பிரவேகா இருக்கிறது. அந்த மெஷின்களில் ஆராய்ச்சியாளர்கள் கேட்கும் மென்பொருளைக் கட்டிக் கொடுக்க ஆள் வேண்டும். இன்டெல், ஏ.எம்.டி., என்விடியா மூன்றுக்கும் பெங்களூரில் அலுவலகம் உண்டு. கணித நூலகமும் கம்பைலரும் அவர்கள் தொழிலில் ஒரு பகுதி. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதையும் தாமிரபரணி ஊருக்குள் வந்ததையும் நாம் மறக்கவில்லை. வானிலைக் கணிப்பும் இதே மாதிரிக் கணக்குதான். மழைக்கு முன்னால் முடிந்தால்தான் அந்தக் கணக்குக்குப் பயன்.

வழி இரண்டு சொல்கிறேன். பி.இ. முடித்ததும் மத்திய அரசின் கணினி நிறுவனமான சி-டாக் நடத்தும் ஹெச்.பி.சி. (சூப்பர் கம்ப்யூட்டர்) நிர்வாக டிப்ளமோ, சுமார் ஆறு மாதம், சி-கேட் (C-CAT) என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். இது விரைவில் வேலைக்குப் போக. மற்றது கேட் (GATE) நுழைவுத் தேர்வு எழுதி எம்.டெக். நான் இதைத்தான் சொல்வேன். கேட் மதிப்பெண்ணோடு சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு, கடையை அடகு வைக்க வேண்டியதில்லை. மகேந்திரகிரி இஸ்ரோ மையத்தில் சேரும் ஆசையும் அவனுக்கு இருக்கிறது. இஸ்ரோவின் இன்ஜினியர் தேர்வுக்கு வழக்கமாக 65 சதவீதம் கேட்பார்கள். போன செமஸ்டர் அவன் அதற்குக் கீழே இறங்கியிருக்கிறான். ராத்திரி ரெண்டு மணியை நான் பதினொன்றாகக் குறைக்கச் சொன்னது அதனால்தான், ஒத்துக்கொண்டான். வண்ணாரப்பேட்டையில் பார்த்து வைத்த கோச்சிங் வகுப்புக்கு இப்போது பணம் கட்ட வேண்டாம். அந்த நேரத்தில் சி மொழியும் லீனியர் அல்ஜீப்ராவும் படிக்கட்டும். ஐ.ஐ.டி.க்கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். இணையதளத்தில் பாடங்கள் இலவசம்.

மதினியிடமும் அந்த வார்த்தையின் அர்த்தத்தைச் சொல்லிவிடுங்கள், தூக்கமில்லாமல் இருக்கிறார்கள் என்றான் தம்பி. அடுத்த சனிக்கிழமை அவனை மட்டும் அனுப்புங்கள். ஒரு நோட்டில் நான்கு கட்டம் போட்டு எழுதி வரச் சொல்லியிருக்கிறேன்: எந்த ப்ராசசர், எந்தக் குறிப்போடு கம்பைல் செய்தது, எவ்வளவு நேரம் ஓடியது, சோதனையில் தேறியதா. ரெடிமேடையும் தன்னுடையதையும் மும்மூன்று முறை ஓட்டி எழுத வேண்டும். உங்கள் கடையில் பழைய அளவு நோட்டு ஒன்று சும்மா கிடந்தால் அதையே கொடுத்துவிடுங்கள், கட்டம் போட்டுத்தானே இருக்கும்.