லே குளிரில் வேலை: உள்ளே என்ன அணிய வேண்டும்?

டெல்லி மயூர் விஹாரில் வசிக்கும் வாசகர் ஒருவர், செல்போன் கோபுரப் பராமரிப்புக்காக ஜனவரியில் மூன்று வாரம் லடாக்கிலுள்ள லே நகருக்குச் செல்லவிருக்கிறார். கனத்த ஜாக்கெட் வாங்கிவிட்டதாகவும், உள்ளே வழக்கமான பருத்திப் பனியனும் காலுக்கு இரண்டு ஜோடி ஸாக்ஸும் போதுமா என்றும் கேட்டிருக்கிறார்.

ஜாக்கெட்டை எடுத்துச் செல்லுங்கள். பனியனை டெல்லியிலேயே விட்டுவிடுங்கள். 2023 ஜனவரி 8 அன்று டெல்லியின் சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 1.9 டிகிரி பதிவானபோது நாம் நடுங்கினோம். லேயிலோ ஜனவரி இரவுகளில் மைனஸ் 15 டிகிரி என்பது வழக்கமான ஒன்று. அங்கே உங்களுக்கு முதல் எதிரி உங்கள் வியர்வைதான். கோபுரத்தில் ஏறும்போது உடல் சூடாகி வியர்க்கும். பருத்தி அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மேலே போய் அசையாமல் நட்டு முடுக்கத் தொடங்கியதும் அந்த ஈரம் உடல் சூட்டை வேகமாக இழுத்துவிடும். நீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துகிறது.

எனவே உடலை ஒட்டி மெரினோ கம்பளி அல்லது பாலியெஸ்டர் தெர்மல் உள்ளாடை, அதன்மேல் ஃபிளீஸ் எனப்படும் மெத்தென்ற மேல்சட்டை, எல்லாவற்றுக்கும் மேலே காற்றுப் புகாத ஜாக்கெட் என அணியுங்கள். ஏறத் தொடங்கும் முன்பே ஃபிளீஸைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு, லேசாகக் குளிருகிற நிலையிலேயே ஏறுங்கள்; மேலே போய் நின்றதும் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். இந்த ஒரு பழக்கம் எந்த விலை உயர்ந்த ஜாக்கெட்டையும்விட உங்களைக் காக்கும் என்பது என் உறுதியான கருத்து.

இரண்டு ஜோடி ஸாக்ஸ் ஷூவுக்குள் இறுக்கமாக இருந்தால் கேடுதான், ஏனெனில் இரத்த ஓட்டம் குறைந்து விரல்கள் இன்னும் சீக்கிரம் மரத்துப்போகும். ஷூவைக் கட்டியபின் கால்விரல்களை உள்ளே தாராளமாக மடக்கி நீட்ட முடிகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். கைக்கு மெல்லிய உள்ளுறையும், அதன்மேல் நான்கு விரல்களையும் ஒன்றாக மூடும் பெரிய உறையும் வேண்டும். வெறுங்கையால் இரும்பைத் தொடாதீர்கள்.

மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று வீசினால், திறந்த தோலுக்கு அது மைனஸ் 20 போலத் தாக்கும். ஆகவே காது, மூக்கு, கன்னம் ஆகியவற்றைக் குல்லாவாலும் முகமூடியாலும் மூடுங்கள். உடன் பணிபுரிபவரின் முகத்தை அவ்வப்போது பாருங்கள். மூக்கு நுனியோ கன்னமோ மெழுகு போல வெளுத்து உணர்வற்றுப் போயிருந்தால் உடனே இறங்கி, காற்றுப் படாத இடத்துக்குச் செல்லுங்கள். வெளுத்த பகுதியைத் தேய்க்காதீர்கள், நெருப்பில் காட்டாதீர்கள். உறைந்த திசு தேய்த்தால் மேலும் சிதையும், மரத்த தோலுக்குத் தீப்புண் தெரியாது. மீண்டும் உறையும் அபாயம் இல்லையென்றால் மட்டும் 37 முதல் 39 டிகிரி வெந்நீரில் வைத்து, மருத்துவரிடம் செல்லுங்கள்.

லே சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அங்குள்ள மெல்லிய காற்றுக்கு உடல் பழக வேண்டும்; விமானத்தில் போய் இறங்கியபின் முதல் இரண்டு நாள் கோபுரத்தில் ஏற வேண்டாம். இதை இப்போதே மேலாளரிடம் பேசி, பயணத் திட்டத்தில் எழுத்தில் சேர்க்கச் சொல்லுங்கள்.