ஜார்ஜியா வேண்டாம், கேஷுவாலிட்டி பக்கம் பாருங்கள்

காவேரிப்பட்டினத்திலிருந்து ஒரு அப்பா எழுதியிருக்கிறார். மகள் இரண்டாவது தடவை நீட் எழுதித் தகுதி மதிப்பெண்ணைத் தாண்டிவிட்டாள். அரசு இடத்துக்கு அது போதவில்லை. ஓசூரில் இருக்கும் தாய்மாமன், "டாக்டருக்குப் படிக்க ஜார்ஜியா நாட்டுக்கு அனுப்பிடலாம் மாமா, ஏஜென்ட் நம்ம ஆளுதான்" என்கிறார். மாந்தோப்பை பேங்கில் வைத்தால் பணம் புரளும். சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் சம்மதம். பெண் மட்டும் வாயே திறப்பதில்லையாம்.

ஐயா, ஆறுதல் சொல்லி நேரத்தைக் கடத்த மாட்டேன். உங்கள் மச்சான் போடும் கணக்கு பாதிக் கணக்கு. வெளிநாட்டில் குறைந்தது 54 மாதப் படிப்பு, அங்கேயே 12 மாதப் பயிற்சி, திரும்பி வந்து இங்கே தகுதித் தேர்வு, அதில் தேறிய பிறகு மறுபடியும் ஒரு வருஷப் பயிற்சி. அந்தத் தேர்வை எழுதுகிறவர்களில் பெரும்பாலான தடவை பாதிப் பேர்கூடத் தேறுவதில்லை. இதை ஏஜென்ட் சொல்லியிருக்க மாட்டார். எல்லாம் ஒழுங்காக நடந்தாலே ஏழு வருஷம் ஆகும். அத்தனை வருஷமும் கடனுக்கு வட்டி ஓடும். மாங்காய் விலை போன வருஷம் போல இந்த வருஷம் இருக்காது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குடும்பத்தின் ஒரே வருமானத்தை வைத்து இந்த ஆட்டம் ஆடாதீர்கள்.

நர்சிங், பார்மசி, இன்ஜினீயரிங் பற்றியெல்லாம் உங்கள் தெருவிலேயே பத்துப் பேர் சொல்லியிருப்பார்கள். அதை விடுங்கள். உங்கள் கடிதத்தின் கடைசியில், குறை சொல்வது மாதிரி ஒரு விஷயம் எழுதியிருக்கிறீர்கள். பள்ளியில் நடந்த முதலுதவி முகாமில், இதயம் நின்று விழுந்தவருக்கு நெஞ்சை 30 தடவை அழுத்திவிட்டு 2 தடவை மூச்சு கொடுக்கச் சொன்னார்களாம். வீட்டில் இருந்த பழைய முதலுதவிப் புத்தகத்தில் 15-க்கு 2 என்று இருந்ததாம். எது சரி, ஏன் மாற்றினார்கள் என்று நாள் முழுக்கக் கேட்டு நச்சரித்தாளாம். எனக்கு அந்தக் கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான்.

இரண்டும் அந்தந்தக் காலத்தில் சரிதான். 2005-ல்தான் 30-க்கு 2 என்று மாற்றினார்கள். மூச்சு கொடுக்க நிறுத்தும் ஒவ்வொரு முறையும் இதயத்துக்கும் மூளைக்கும் போகும் ரத்த ஓட்டம் விழுந்துவிடுகிறது. திரும்ப அழுத்தி அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர நேரம் பிடிக்கிறது. அதனால் இடைவெளியைக் குறைத்தார்கள். 2010-ல் அமெரிக்க வழிகாட்டுதலில் வரிசையையே மாற்றிப் பெரியவர்களுக்கு முதலில் மூச்சுப்பாதையைத் திற என்பதை எடுத்துவிட்டு, முதலில் அழுத்தம் என்றார்கள். அதே வருஷம், நின்றுபோன இதயத்துக்கு வழக்கமாகப் போட்டுவந்த அட்ரோபின் ஊசியும் பட்டியலிலிருந்து போனது. அழுத்தும் வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120, ஆழம் 5 சென்டிமீட்டருக்குக் குறையாமல், 6-ஐத் தாண்டாமல் என்று அமெரிக்க வழிகாட்டுதலில் மேல் எல்லை வந்தது 2015-ல். அக்டோபர் 2025-ல் அமெரிக்க இதயச் சங்கம் வெளியிட்ட புது வழிகாட்டுதலில், தொண்டையில் ஏதாவது அடைத்துக்கொண்ட பெரியவருக்கு முதுகில் 5 தட்டு, பிறகு வயிற்றில் 5 அழுத்தம் என்று மாறி மாறிச் செய்யச் சொல்கிறார்கள். அதற்கு முன்பு அவர்கள் சொன்னது வயிற்று அழுத்தம் மட்டும்தான்.

இதையெல்லாம் யாரோ ஒரு பெரிய டாக்டர் உட்கார்ந்து முடிவு செய்வதில்லை. உயிர்காப்பு முறைகளை ஆராய 1992-ல் தொடங்கிய இல்கோர் என்ற பன்னாட்டு அமைப்பு இருக்கிறது. அவர்கள் முதலில் கேள்வியை ஒழுங்காக எழுதுவார்கள்: எந்த நோயாளிக்கு, எதைச் செய்தால், எதற்குப் பதிலாகச் செய்தால், என்ன பலன்? பிறகு ஆய்விதழ்களைத் தேடுவதில் தேர்ந்தவர்கள் உலகம் முழுக்க வந்த கட்டுரைகளைச் சலிப்பார்கள். ஒரே கட்டுரையை இரண்டு பேர் தனித்தனியாகப் படித்து எடுக்கலாமா, தள்ளலாமா என்று குறிப்பார்கள். கிடைத்த ஆதாரம் எவ்வளவு உறுதி என்று உயர்ந்தது, நடுத்தரம், குறைவு, மிகக் குறைவு எனத் தரம் போடுவார்கள். அந்த விஷயத்தில் தன் பணமோ தன் ஆய்வோ சம்பந்தப்பட்டவர் அதை வெளிப்படையாகச் சொல்லி ஒதுங்க வேண்டும். வரைவைப் பொதுக் கருத்துக்கும் வைப்பார்கள். முன்பு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை நடந்த இந்தச் சலிப்பு, 2017-லிருந்து தொடர்ச்சியாக நடந்து வருஷா வருஷம் வெளிவருகிறது. அதை வைத்துத்தான் அமெரிக்காவும் ஐரோப்பாவும் தங்கள் வழிகாட்டுதல்களை எழுதுகின்றன. நம் நாட்டு மயக்கவியல் மருத்துவர்களும் 2017-ல் பொதுமக்களுக்காக ஒரு முறை வகுத்தார்கள். அதில் வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுப்பதே கிடையாது, அழுத்தம் மட்டும். நம் ஊர்த் தெருவில் யார் விழுந்தாலும் வாய் வைக்கத் தயங்குவோம் என்பது தெரிந்து எழுதியது.

விடை எப்போதும் சுத்தமாகக் கிடைப்பதும் இல்லை. இதயம் நின்றவர்களுக்குப் போடும் அட்ரினலின் ஊசியை 8,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் சோதித்த பிரிட்டன் ஆய்வு 2018-ல் வெளிவந்தது. அட்ரினலின் போட்டவர்களில் 30 நாள் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 3.2 சதவீதம், போடாதவர்களில் 2.4. ஆனால் பிழைத்தவர்களில் மூளை கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள் அட்ரினலின் போட்ட பக்கம்தான் அதிகம். இப்படி ஒரு முடிவை வைத்துக்கொண்டு போடு என்று எழுதுவதா, போடாதே என்று எழுதுவதா? அட்ரினலின் இன்னும் பட்டியலில்தான் இருக்கிறது. உங்கள் மகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், அன்றைக்கு வாய் திறப்பாள்.

இந்தப் புத்திக்கு ஏற்ற படிப்பு தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. பி.எஸ்சி. விபத்து மற்றும் அவசரச் சிகிச்சைத் தொழில்நுட்பம். டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் மூன்று வருஷப் படிப்பு, ஒரு வருஷப் பயிற்சி. பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் சேர்க்கை நடந்து வருகிறது. அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தால் கட்டணம் ஆயிரங்களோடு நின்றுவிடும். நெஞ்சுவலி என்று வந்தவருக்கு 10 நிமிடத்துக்குள் இ.சி.ஜி. எடுப்பது, ஷாக் மெஷினைக் கையாள்வது, மூச்சுக்குழாய் போடும்போது டாக்டருக்குக் கை கொடுப்பது எல்லாம் இதில் வரும். 108-ல், அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில், ஓசூர்ப் பக்கத் தனியார் மருத்துவமனைகளில் இவர்களுக்கு வேலை உண்டு. விபத்துக்குப் பேர்போன தொப்பூர் கணவாய் வழியாகப் போய் வந்தவர்களிடம் இந்த ஆட்கள் ஏன் தேவை என்று விளக்க வேண்டியதில்லை.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பெயருக்கு முன்னால் டாக்டர் என்று வராது. ஆரம்பச் சம்பளம் குறைவு, நைட் ஷிஃப்ட் உண்டு, கல்யாணப் பேச்சில் "டெக்னீஷியனா?" என்று ஒரு அத்தை கேட்பார். கேட்டுவிட்டுப் போகட்டும். இந்தத் துறையில் உயிர்காப்புப் பயிற்சிச் சான்றிதழே இரண்டு வருஷம்தான் செல்லும். திரும்பப் படித்துத் தேற வேண்டும். நேற்றுப் படித்ததைச் சொல்லியே காலம் தள்ள நினைப்பவர்களுக்கு அது தொந்தரவு. ஏன் மாற்றினார்கள் என்று கேட்கிறவளுக்கு அதுதான் வாய்ப்பு. சில வருஷ அனுபவத்துக்குப் பிறகு பயிற்றுநராகலாம். பொதுச் சுகாதாரம், உயிரியல் புள்ளியியல் பக்கம் முதுகலை படித்து, ஆய்வுகளைச் சலித்துத் தரம் போடும் வேலைக்கே போகலாம். வேலூர் சி.எம்.சி.யில் அதற்கென்றே ஒரு மையம் இருக்கிறது.

முடிவு அவளுடையதாக இருக்க வேண்டும். மாமா இல்லாத நேரத்தில் கேளுங்கள். மூன்றாவது தடவை நீட் எழுதுகிறேன் என்று அவளே சொன்னால், வீட்டிலிருந்தே படிக்கட்டும். லட்சம் கட்டி நாமக்கல் பக்கம் கோச்சிங் வேண்டாம். இந்தப் படிப்பு பிடித்திருந்தால் துணை மருத்துவப் படிப்புகளுக்கான விண்ணப்பத் தேதியையும் அந்த ஆண்டின் கையேட்டையும் மாநில மருத்துவக் கல்வித் தேர்வுக் குழுவின் இணையதளத்தில் பாருங்கள். தனியார் கல்லூரிக்குத்தான் போக வேண்டி வந்தால், பல்கலைக்கழக இணைப்பு இருக்கிறதா, சொந்த மருத்துவமனையில் இரவு பகலாக ஓடும் கேஷுவாலிட்டி இருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். அப்புறம், உயிர்காப்பு வகுப்பை எந்த வருஷத்து வழிகாட்டுதலை வைத்து நடத்துகிறீர்கள் என்று கேளுங்கள். 2015 என்று பதில் வந்தால் விண்ணப்பம் வாங்காமலே திரும்பிவிடுங்கள்.