தருமபுரி மாவட்டத்தில் ஒரு கிராமத்தின் மக்கள்தொகை, பஸ் வசதி பற்றி எப்படித் தெரிந்துகொள்வது?

பாலக்கோடு பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கு மாறுதல் கிடைத்திருக்கிறது, ஊர் எவ்வளவு பெரிது, போக்குவரத்து எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். நான் அந்தப் பக்கத்து ஆள்தான்.

மக்கள்தொகைக்கு 2011 கணக்கெடுப்பின் மாவட்டக் கையேடு இணையத்திலேயே கிடைக்கிறது. 2021இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு கொரோனாவால் தள்ளிப்போனது. அதனால் எந்தத் தளத்தில் ஊர்க்கணக்கு போட்டிருந்தாலும் அநேகமாக மூலம் 2011தான்.

ஆனால் அதில் இருப்பது வருவாய்க் கிராமத்தின் கணக்கு. எங்கள் பக்கம் எல்லோரும் தெருத்தெருவாக ஒரே இடத்தில் குடியிருப்பதில்லை. அவரவர் காட்டிலேயே, அதாவது சொந்த விவசாய நிலத்திலேயே, வீடு கட்டிக்கொள்வார்கள், பங்காளிகள் நாலு வீடு சேர்ந்தால் அது ஒரு கொட்டாய். இப்படிப் பல கொட்டாய்களைக் கூட்டித்தான் அந்த எண் வருகிறது. கையேட்டில் ஆயிரக்கணக்கில் ஜனம் இருக்கும், பஸ்ஸை விட்டு இறங்கினால் ஒரு டீக்கடை, ஒரு பால் சொசைட்டி, ஒரு புளியமரம், அவ்வளவுதான் தெரியும். உங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் வரப்பில் நடந்துதான் பள்ளிக்கு வருவார்கள்.

அப்புறம், ஊரில் பேர் இருக்கும், ஆள் இருக்க மாட்டார். ரேஷன் கார்டும் ஓட்டும் இங்கே, பிழைப்பு பெங்களூரிலோ ஓசூரிலோ திருப்பூரிலோ. 2011 கணக்கெடுப்பு பிப்ரவரி 9 முதல் 28 வரை நடந்தது. அந்த நாட்கள் முழுக்க வெளியூரில் இருந்தவர்களை அங்கேயே எண்ணிவிட்டார்கள். ஆகவே கணக்கெடுப்பையும் வாக்காளர் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக் குழம்ப வேண்டாம். ஆயா (பாட்டி) வீட்டில் தங்கிப் படிக்கிற பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள், பெற்றோர் கூட்டத்தை பொங்கலை ஒட்டி வைத்தால்தான் அப்பா அம்மாவைப் பார்க்கலாம்.

பஸ் விஷயத்தில் கையேட்டை நம்பவே நம்பாதீர்கள். அதில் பஸ் உண்டா இல்லையா, இல்லையென்றால் 5 கிலோமீட்டருக்குள்ளா, 10க்குள்ளா, அதற்கு மேலா என்று மட்டும்தான் இருக்கும். ஒரே ஒரு டிரிப் வந்து போனாலும் 'உண்டு'தான். நீங்கள் கேட்க வேண்டியது இரண்டு: கடைசி வண்டி எத்தனை மணிக்கு? நைட் ஹால்ட் உண்டா? ஹால்ட் வண்டி உள்ள ஊர் கொடுத்து வைத்த ஊர். ராத்திரி டிரைவரும் கண்டக்டரும் அங்கேயே படுத்து எழுந்து, இருட்டோடு முதல் டிரிப்பை எடுப்பார்கள். சாமந்தி மூட்டை, காலேஜ் பிள்ளைகள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் எல்லாம் அதில்தான். ஹால்ட் இல்லாத ஊருக்கு முதல் வண்டியே டவுனிலிருந்து வந்தாக வேண்டும், அது தாமதமானால் அன்றைய வேலை கெட்டது. நீங்கள் பெண் என்றால், வெள்ளை போர்டு டவுன் பஸ்ஸில் 2021 முதல் டிக்கெட் காசு கிடையாது.

வெளியூருக்குக் கவலை இல்லை. சேலம், பெங்களூருக்கு 44ஆம் எண் நெடுஞ்சாலையில் ராத்திரி பகல் பார்க்காமல் வண்டி ஓடுகிறது. தருமபுரி வழியாக சேலம்–பெங்களூர் போகும் ரயில் பாதையில் பாலக்கோட்டிலும் ஸ்டேஷன் உண்டு. சென்னைக்கு ரயில் என்றால் மொரப்பூர் போய் ஏறுவது வழக்கம். மொரப்பூர்–தருமபுரி இடையே வெள்ளைக்காரன் காலத்தில் சின்ன ரயில் ஓடி, 1941இல் நின்றது. மறுபடி போட 2019இல் அடிக்கல் நாட்டினார்கள். எங்கள் பக்கம் அந்த ரயில் ஒவ்வொரு தேர்தலுக்கும் மேடையில் தவறாமல் ஓடும்.

மலை ஊராக இருந்தால் வேறு கதை. பென்னாகரம் பக்கம் கோட்டூர் மலைக்கு வாக்குப்பதிவு இயந்திரமே கழுதை மேல்தான் போயிருக்கிறது. உங்களுக்கு அந்தப் பாடு இல்லை.

வீடு பாலக்கோட்டிலேயே பார்த்துவிடுங்கள். சேர்ந்த முதல் வாரத்திலேயே கண்டக்டர் நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சாயங்கால டிரிப் கட் ஆனால், எந்த ஆப்பிலும் வராது, அவர்தான் சொல்வார்.